அடிபடாத குழந்தையின் காயம்

நுழையும்முன்

வீட்டில் பெரியவர்களின் பூசல் முற்றும்போது, "குழந்தை தூங்குகிறது, அதற்கு ஒன்றும் தெரியாது" என்று சொல்லப்படுவதுண்டு. ஆனால், குழந்தைக்குத் தெரிகிறது. அதன் உடலும் உள்ளமும் அந்த ஓசையை நினைவில் வைத்துக்கொள்கின்றன. தன்மீது ஓர் அடியும் விழாத நிலையிலும் குடும்ப வன்முறையால் குழந்தை அடையும் பாதிப்புகளையும், அவற்றை அடையாளம் கண்டு துணைநிற்கும் வழிகளையும் இப்பாடம் எடுத்துரைக்கிறது.

திருக்குறளின் இல்லறவியல், இல்வாழ்க்கை என்னும் அதிகாரத்தில் தொடங்குகிறது. அதனையடுத்து வாழ்க்கைத் துணைநலம், மக்கட்பேறு, அன்புடைமை ஆகிய அதிகாரங்கள் வரிசையாக அமைந்துள்ளன. இல்லம், துணை, மக்கள், அன்பு என்னும் நான்கும் ஒன்றையொன்று தாங்கி நிற்பவை. துணைவர் இருவரிடையே அன்பு முறிந்து அச்சம் குடிபுகும் வீட்டில், அதன் சுமை மக்கள்மீதும் இறங்குகிறது.

ஒரு வகுப்பறையை எண்ணிப் பார்க்கலாம். முதல் பாடவேளையிலேயே மாணவன் ஒருவன் மேசைமேல் தலைகவிழ்ந்து உறங்குகிறான். வீட்டுப்பாடம் எழுதி வரவில்லை. ஆசிரியர் அதட்டியதும் உடல் அதிர நிமிர்கிறான். கைகள் தாமாகவே எழுந்து முகத்தை மறைக்கின்றன. 'இரவெல்லாம் கைப்பேசி பார்த்திருப்பான்' என்று பின்வரிசையில் ஒருவர் சிரிக்கிறார். உண்மையில், பக்கத்து அறையில் தந்தையின் குரல் உயர்வதையும் பாத்திரங்கள் உருள்வதையும் தாயின் அழுகை தேய்வதையும் கேட்டபடி, தங்கையின் காதுகளைத் தன் கைகளால் பொத்திக்கொண்டு அவன் விடியும்வரை விழித்திருந்தான். அவன் உடலில் ஒரு கீறலும் இல்லை. ஆயினும் அவன் காயப்பட்டவன். அந்தக் காயத்தைக் கண்டறிவது எவ்வாறு, கண்டறிந்தபின் செய்யத்தக்கது யாது என்னும் இரு வினாக்களுக்கும் விடை தெரிந்திருப்பது, அவனுக்கு மட்டுமன்றி அவன் அருகில் அமர்ந்திருப்பவருக்கும் தேவையாகிறது.

வன்முறையின் வடிவங்கள்

கைநீட்டி அடிப்பது மட்டுமே வன்முறை என்னும் எண்ணம் பரவலாக உள்ளது. குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம், 2005 அவ்வெண்ணத்தை விரிவாக்கியது. 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறையில் உள்ள இச்சட்டம், உடல்சார்ந்த வன்முறை, பாலியல் வன்முறை, சொல்லாலும் உணர்வாலும் இழைக்கப்படும் வன்முறை, பொருளாதார வன்முறை என அதனை நான்காக வகுத்துரைக்கிறது. இழிவாகப் பேசுதல், ஆண்குழந்தை பெறவில்லை எனப் பழித்தல், வீட்டுச் செலவுக்குப் பணம் தர மறுத்தல், பெண்ணுக்குரிய நகைகளை அவள் விருப்பமின்றி விற்றல் போன்றனவும் வன்முறையின் வடிவங்களே.

எல்லாச் சண்டையும் வன்முறை ஆகிவிடாது. கருத்து வேறுபாட்டில் இருவரும் பேசுவர், இருவரும் மறுப்பர், பின்னர் இணங்குவர். வன்முறையிலோ ஒருவர் அஞ்சுகிறார். மற்றவர் அந்த அச்சத்தைக் கொண்டு ஆள்கிறார். ஒருவருடைய வண்டியின் ஓசை தெருமுனையில் கேட்டதும் வீடு முழுவதும் பேச்சடங்கிப் போகுமாயின், அதனை அமைதி என்று கொள்வதற்கில்லை.

2019–21ஆம் ஆண்டுகளில் நடத்தப்பட்ட ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் 18 முதல் 49 வயதுக்கு உட்பட்ட மணமான பெண்களுள் 29.3 விழுக்காட்டினர் கணவரின் வன்முறைக்கு ஆளானதாகத் தெரிவித்துள்ளனர். பத்துப் பெண்களுள் ஏறத்தாழ மூவர் என்பது இதன் பொருள். அவர்களுள் பலர் தாய்மார். ஆகவே, இக்கணக்கில் தனித்துக் குறிக்கப்படாத இன்னொரு கூட்டமும் மறைந்திருக்கிறது. அவர்களே அவ்வீடுகளின் குழந்தைகள். வன்முறை யாரால் யார்மீது இழைக்கப்பட்டாலும் அதன் நடுவே வளரும் குழந்தைக்கு விளையும் கேடு ஒன்றே.

குழந்தைகள் பார்வையாளர் அல்லர்

வன்முறையைக் குழந்தை பல வழிகளில் எதிர்கொள்கிறது. சில வேளை கண்ணெதிரே காண்கிறது. பல வேளை மூடிய கதவுக்கு அப்பாலிருந்து கேட்கிறது. மறுநாள் காலையில் உடைந்த கண்ணாடித் துண்டுகளையும் தாயின் வீங்கிய முகத்தையும் காண்கிறது. 'வழுக்கி விழுந்துவிட்டேன்' என்னும் விடையையும் கேட்டுக்கொள்கிறது. சற்று வளர்ந்த பிள்ளைகள் இடையில் புகுந்து தடுக்க முனைந்து தாமும் அடிபடுகின்றனர். இன்னும் சில வீடுகளில் பிள்ளையே தூதாகவும் ஒற்றாகவும் ஆக்கப்படுகிறது. 'உன் அம்மா இன்று யாரோடு பேசினாள்?' என்னும் வினாவுக்கு எந்த விடையைச் சொன்னாலும் ஒருவருக்கு இரண்டகம் செய்துவிட்டதாக அப்பிள்ளை வருந்துகிறது.

மழலைப் பருவத்தினரும் இதற்கு விலக்கல்லர். அமெரிக்காவின் ஓரிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013இல் வெளியிட்ட ஆய்வொன்று குறிப்பிடத்தக்கது. ஆறு முதல் பன்னிரண்டு மாதம் வரையிலான குழந்தைகள் இயல்பாக உறங்கிக்கொண்டிருக்கையில் அவர்களுடைய மூளையின் செயல்பாடு படமெடுக்கப்பட்டது. உறக்கத்திலும் சினமிக்க குரலுக்கு அம்மூளைகள் வேறுபட்ட துலங்கலைக் காட்டின. பெற்றோரிடையே பூசல் மிகுந்த வீடுகளைச் சேர்ந்த குழந்தைகளிடம், மன அழுத்தத்தோடும் உணர்ச்சிகளைச் சீர்செய்வதோடும் தொடர்புடைய மூளைப் பகுதிகளில் அத்துலங்கல் கூடுதலாக இருந்தது. உறங்கும் குழந்தைக்கு ஒன்றும் தெரியாது என்னும் ஆறுதலை இனி எவரும் சொல்லிக்கொள்ள இயலாது.

இவ்வுண்மையைச் சட்டமும் ஏற்கத் தொடங்கியுள்ளது. ஐக்கிய இராச்சியத்தில் 2021இல் இயற்றப்பட்ட குடும்ப வன்கொடுமைச் சட்டம், வன்முறையைக் கண்ட, கேட்ட அல்லது அதன் விளைவுகளை உணர்ந்த குழந்தையையும் பாதிக்கப்பட்டவராகவே கொள்கிறது. சாட்சியாக மட்டும் கருதப்பட்டு வந்த குழந்தைக்கு, பாதிக்கப்பட்டவர் என்னும் தகுதியை அளித்தமை இச்சட்டத்தின் சிறப்பாகும்.

அஞ்சும் உடல்

ஆபத்து நேரும்போது உடல் தன்னைக் காத்துக்கொள்ள முனைகிறது. மூளையில் அச்சத்தை உணரும் பகுதி எச்சரிக்கை விடுக்க, சிறுநீரகங்களின் மேலுள்ள சுரப்பிகள் அட்ரினலின், கார்டிசால் ஆகியவற்றைச் சுரக்கின்றன. இதயம் விரைந்து துடிக்கிறது, தசைகள் இறுகுகின்றன, செரிமானம் மந்தமாகிறது. எதிர்த்து நிற்கவோ, ஓடவோ, அசைவற்று உறைந்துபோகவோ உடல் அணியமாகிறது. தெருநாய் துரத்தும்போது உயிரைக் காப்பது இவ்வேற்பாடே. ஆபத்து நீங்கியதும் உடல் பழைய நிலைக்குத் திரும்பும்.

ஆபத்து வீட்டுக்குள்ளேயே குடியிருந்தால் உடல் எப்போது திரும்பும்? இரவு தோறும் எச்சரிக்கை நிலையில் இருக்கும் குழந்தைக்குப் பகலிலும் அந்நிலை நீடிக்கிறது. கதவு சாத்தப்படும் ஓசை, உயர்ந்த குரல், குறிப்பிட்ட ஒரு மணம் என எதுவும் அச்சத்தை மீண்டும் எழுப்பலாம். ஆபத்தைத் தேடிக்கொண்டிருக்கும் மூளைக்குக் கணிதச் சூத்திரத்தில் கவனம் நிலைப்பது அரிது. இத்தகைய பிள்ளையிடம் காணப்படும் கவனச்சிதறலையும் மறதியையும் எரிச்சலையும் சோம்பல் என்றோ திமிர் என்றோ பெயரிட்டுவிடுவது, காய்ச்சல் கண்டவரை நடுங்காதே என்று அதட்டுவதற்கு ஒப்பாகும்.

தெரிந்து தெளிவோம்

குழந்தைப் பருவத்தில் நேரும் துன்ப நிகழ்வுகள் குறித்து, அமெரிக்காவில் வின்சென்ட் ஃபெலிட்டி, இராபர்ட் ஆண்டா ஆகிய மருத்துவர்களின் தலைமையில் நடைபெற்ற ஆய்வின் முதற்கட்டுரை 1998இல் வெளிவந்தது. 9,508 பேரின் விடைகளை ஆராய்ந்த அக்கட்டுரை, துன்ப நிகழ்வுகளை ஏழு வகைகளாகப் பிரித்தது. அவற்றுள் ஒன்று, தாய் வன்முறைக்கு ஆளாவதைக் காணும் சூழலில் வளர்தல். துன்ப வகைகளின் எண்ணிக்கை கூடக்கூட, முதிர்ந்த வயதில் மனச்சோர்வு, போதைப் பழக்கம், இதயநோய் முதலியவற்றுக்கான வாய்ப்பும் கூடியதை ஆய்வு வெளிப்படுத்தியது. இது வாய்ப்பைக் குறிக்கும் கணக்கேயன்றி, எந்தத் தனிமனிதரின் வருங்காலத்தையும் முடிவுசெய்வது அன்று.

வயதுக்கேற்ற அடையாளங்கள்

பெரியவர்கள் துயரத்தைச் சொற்களால் கூறுகின்றனர். குழந்தைகள் அதனைப் பெரும்பாலும் நடத்தையால் கூறுகின்றனர். அந்நடத்தை வயதுக்கேற்ப வேறுபடுகிறது.

கைக்குழந்தைகளிடம் அடங்காத அழுகை, அடிக்கடி உறக்கம் கலைதல், பால் குடிக்க மறுத்தல், சிறு ஓசைக்கும் திடுக்கிடுதல் ஆகியன தோன்றலாம். மூன்று முதல் ஐந்து வயதுக் குழந்தைகளிடம், விட்டுப்போன பழக்கங்கள் மீண்டும் தலைகாட்டுகின்றன. படுக்கையில் சிறுநீர் கழித்தல், விரல் சூப்புதல், பேசப் பழகியபின்னும் மழலையாகப் பேசுதல் போன்றன இவ்வகையின. அவர்களுடைய விளையாட்டில் ஒரு பொம்மை மற்றொன்றை அடிப்பதும் நிகழலாம். இவ்வயதில் குழந்தை தன்னையே உலகின் நடுவாகக் கருதுவதால், 'நான் பாலைக் கொட்டியதால்தான் அப்பா அம்மாவை அடித்தார்' என்று நடந்தவற்றுக்குத் தன்னையே காரணமாக்கிக்கொள்கிறது.

ஆறு முதல் பன்னிரண்டு வயது வரை உள்ளவர்களிடம், மருத்துவக் காரணம் ஏதும் அகப்படாத தலைவலியும் வயிற்றுவலியும் அடிக்கடி தோன்றலாம். சிலர் பள்ளி முடிந்தபின்னும் வீடு செல்லத் தயங்குவர். சிலர் பள்ளிக்கே வர மறுப்பர். தாம் இல்லாத நேரத்தில் தாய்க்கு ஏதேனும் நேர்ந்துவிடும் என்னும் அச்சமே அதற்குக் காரணமாக இருக்கலாம். நண்பர்களை ஒருபோதும் வீட்டுக்கு அழைக்காமையும் நுட்பமானதோர் அடையாளம்.

வளரிளம் பருவத்தினரிடம் பாதிப்பு எதிரெதிர்த் திசைகளில் வெளிப்படுகிறது. ஒருவர் எவரோடும் பேசாமல் ஒதுங்குகிறார். மற்றொருவர் எவரோடும் மோதுகிறார். போதைப் பழக்கம், வீட்டைவிட்டு வெளியேறுதல், தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்ளுதல் ஆகியன உடனடிக் கவனத்துக்கு உரியன. படிப்பை நிறுத்தி வேலைக்குச் சென்று தாயைக் காக்க நினைப்பவரும் உண்டு.

இவை அனைத்திலும் எளிதில் கண்ணில் படாதவர், எவ்விதக் குறையும் சொல்லமுடியாத 'நல்ல பிள்ளை'. அவர் நன்றாகப் படிப்பார். தம்பி தங்கையரைக் குளிப்பாட்டிப் பள்ளிக்கு அனுப்புவார். தந்தையின் முகக்குறிப்பை அறிந்து வீட்டை ஒழுங்குபடுத்துவார். தான் ஒரு தவறும் செய்யாதிருந்தால் வீட்டில் சண்டை நேராது என்னும் நம்பிக்கையில் அவருடைய நாள்கள் கழிகின்றன. அவரது பொறுப்புணர்வு பாராட்டப்படுகிறது. அதனடியில் உள்ள அச்சத்தை எவரும் காண்பதில்லை.

இவ்வடையாளங்களுள் ஒன்றிரண்டைக் கண்ட மாத்திரத்தில் ஒரு வீட்டைப் பற்றி முடிவுசெய்வது தவறு. நோய், இறப்பு, வறுமை, தேர்வு அச்சம் போன்ற பிற காரணங்களாலும் இவை தோன்றக்கூடும். அடையாளம் என்பது தீர்ப்பு அன்று. அருகில் சென்று அக்கறையோடு வினவுவதற்கான அழைப்பு.

மௌனத்தின் காரணங்கள்

வன்முறை நிகழும் வீட்டின் குழந்தை பெரும்பாலும் வாய்திறப்பதில்லை. அதன் நிலை ஊமை கண்ட கனவு போன்றது. சொன்னால் அடி கூடுமோ என்னும் அச்சம் ஒருபுறம். குடும்ப மானம் போய்விடும் என்னும் கூச்சம் மறுபுறம். தந்தையைக் காவலர் அழைத்துச் சென்றுவிடுவார்களோ, தன்னை விடுதிக்கு அனுப்பிவிடுவார்களோ என்னும் கவலையும் அதனோடு சேர்கிறது. இவை யாவற்றினும் ஆழமான காரணம் அன்பு. அடிக்கும் தந்தையே திருவிழாவில் தோளில் தூக்கிச் சென்றவர். காய்ச்சலில் இரவெல்லாம் விழித்திருந்தவர். அவரை வெறுக்கவும் முடியாமல் நம்பவும் முடியாமல் குழந்தை தவிக்கிறது. இருவேறு உணர்வுகளும் ஒரே நேரத்தில் இருப்பது குற்றமன்று என்பதைக் குழந்தைக்கு உணர்த்துவது முதல் உதவியாகும்.

சமூகமும் இம்மௌனத்துக்குத் துணைபோகிறது. 'அடிக்கிற கைதான் அணைக்கும்' என்னும் பழமொழி கண்டிப்பின் பின்னுள்ள பரிவைச் சுட்டப் பிறந்திருக்கலாம். வன்முறை நிலவும் வீட்டிலோ அது வேறு பாடத்தைக் கற்பிக்கிறது. அன்பும் அச்சமும் ஒரே கையிலிருந்து வருவது இயல்பு என்று நம்பும் குழந்தை, நாளை தன்னை அடிப்பவரையும் அன்புடையவர் எனக் கொள்ளலாம். தன் அன்புக்குரியவரை அடிக்கவும் துணியலாம். 'கணவன் மனைவி சண்டையில் மூன்றாமவர் தலையிடக்கூடாது' என்னும் வழக்கும் இவ்வாறே. அச்சண்டையில் மூன்றாமவராக ஒரு குழந்தை ஏற்கெனவே அங்கு இருப்பதை அவ்வழக்கு மறந்துவிடுகிறது.

துணைநிற்கும் முறைகள்

நண்பர்

துயருற்ற பிள்ளை முதலில் சொல்வது பெரும்பாலும் நண்பரிடமே. கேட்பவர் துப்பறிவாளர் ஆகவேண்டியதில்லை. இடைமறிக்காமல் கேட்பதும், 'நீ சொல்வதை நம்புகிறேன். இதில் உன் தவறு எதுவும் இல்லை' என்று சொல்வதும் போதும். 'எல்லார் வீட்டிலும் இப்படித்தான்' என்று தணிப்பதும், 'உன் அப்பா கெட்டவர்' என்று தூற்றுவதும் பேசியவரின் வாயை மூடிவிடும். 'யாரிடமும் சொல்லமாட்டேன்' என்று உறுதியளிப்பதும் கூடாது. 'தேவையற்ற எவரிடமும் சொல்லமாட்டேன். உதவக்கூடிய பெரியவர் ஒருவரிடம் இருவரும் சேர்ந்து சொல்வோம்' என்பதே காப்பாற்றக்கூடிய உறுதிமொழி. கேட்டதை வகுப்பில் பரப்புவதும் புலனக் குழுவில் பகிர்வதும் அக்குழந்தைக்குச் செய்யும் இரண்டாவது வன்முறை.

ஆசிரியர்

வகுப்பின் முன்னிலையில் வினவாமல் தனியே அழைத்துப் பேசுதல் நன்று. பேசிய நாளையும் குழந்தை கூறிய சொற்களையும் மாற்றாமல் குறித்துவைத்தல் பின்னர் உதவும். ஒரே நிகழ்வைப் பலரும் திரும்பத் திரும்பக் கேட்பது குழந்தையை மீண்டும் அத்துன்பத்துக்குள் தள்ளும். 'நாளை உன் அப்பாவை அழைத்துவா' என்பது பள்ளிகளில் இயல்பாகச் சொல்லப்படும் தொடர். வன்முறை குறித்த ஐயம் உள்ள இடத்தில், வன்முறை செய்பவரையே அழைத்து முறையிடுவது அன்றிரவே தாயையும் பிள்ளையையும் ஆபத்தில் ஆழ்த்திவிடலாம். தலைமையாசிரியர் வாயிலாகக் குழந்தைகள் பாதுகாப்பு அமைப்புகளை நாடுவதே உரிய வழி. வழக்கமான நேரஅட்டவணை, மாறாத விதிகள், உயராத குரல் ஆகியவை நிலையற்ற வீட்டிலிருந்து வரும் பிள்ளைக்கு நிலையான ஓர் உலகத்தைத் தருகின்றன.

பள்ளியும் காவல்துறையும் இணைந்து செயல்படுவதற்கு இங்கிலாந்தின் பிளிமத் நகரில் 2011இல் தொடங்கிய 'ஆபரேஷன் என்கம்பஸ்' என்னும் திட்டம் எடுத்துக்காட்டாகும். முந்தைய இரவு ஒரு வீட்டில் குடும்ப வன்முறை தொடர்பாகக் காவலர் அழைக்கப்பட்டிருந்தால், மறுநாள் பள்ளி தொடங்கும் முன் அவ்வீட்டுக் குழந்தை பயிலும் பள்ளிக்கு அச்செய்தி மறைவாகத் தெரிவிக்கப்படுகிறது. வீட்டுப்பாடம் எழுதாமல் வரும் பிள்ளையை அன்று எவ்வாறு வரவேற்பது என்பதை ஆசிரியர் முன்கூட்டியே அறிந்திருக்கிறார்.

அண்டைவீட்டார்

2008இல் 'பிரேக்த்ரூ' என்னும் அமைப்பு இந்தியாவில் 'பெல் பஜாவோ' என்னும் பரப்புரையைத் தொடங்கியது. 'மணியை அடியுங்கள்' என்பது அதன் பொருள். பக்கத்து வீட்டில் வன்முறையின் ஓசை கேட்டால், அழைப்பு மணியை அடித்து ஏதேனும் ஒரு சாக்கில் சற்றே இடையீடு செய்யுமாறு அது வேண்டியது. உரையாற்றவோ மோதவோ தேவையில்லை. வெளியில் ஒருவர் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்னும் உணர்வே ஓங்கிய கையைத் தாழ்த்தக்கூடும். தமக்கே ஆபத்து நேரும் எனத் தோன்றினால் காவல்துறையை அழைப்பதே தக்கது.

வீட்டிலுள்ள பிள்ளை

வன்முறை நிகழும் வேளையில் இடையில் புகுந்து தடுப்பது பிள்ளையின் கடமை அன்று. இளையவர்களை அழைத்துக்கொண்டு பாதுகாப்பான இடத்துக்குச் செல்வதும் உதவிக்கு அழைப்பதுமே அவர் செய்யத்தக்கவை. கத்தியும் நெருப்பும் உள்ள சமையலறையையும், வெளியேற வழியற்ற அறையையும் தவிர்த்தல் வேண்டும். நம்பிக்கைக்குரிய ஓர் அண்டைவீடு, மனப்பாடமாகத் தெரிந்த இரண்டு தொலைபேசி எண்கள், தெளிவாகச் சொல்லத் தெரிந்த வீட்டு முகவரி ஆகிய மூன்றும் முன்னரே அமைந்திருத்தல் நலம். வீட்டில் அமைதியை நிலைநாட்டும் பொறுப்பு பெரியவர்களுடையது. அதில் அவர்கள் தவறினால் அப்பழி பிள்ளையைச் சேராது.

சட்டத்தின் காவல்

ஐக்கிய நாடுகள் அவை 1989 நவம்பர் 20இல் ஏற்றுக்கொண்ட குழந்தைகள் உரிமைகள் உடன்படிக்கையில் இந்தியா 1992இல் இணைந்தது. எல்லா வகை வன்முறையிலிருந்தும் குழந்தையைக் காப்பது அரசின் கடமை என்று அதன் 19ஆவது பிரிவு கூறுகிறது. அவ்வுடன்படிக்கையின் அடிப்படையிலும் இளைஞர் நீதி (குழந்தைகள் பராமரிப்பு மற்றும் பாதுகாப்பு) சட்டம், 2015இன்படியும் 18 வயது நிறைவடையாத அனைவரும் குழந்தைகளே. பதினொன்றாம் வகுப்பு மாணவரும் இப்பாதுகாப்புக்கு உரியவர். உடன் வாழ்பவரால் காயப்படுத்தப்பட்ட, கொடுமைக்கு ஆளான அல்லது புறக்கணிக்கப்பட்ட குழந்தையைப் பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தையாக 2015ஆம் ஆண்டுச் சட்டம் கொள்கிறது. அத்தகைய குழந்தையின் நலன் குறித்து முடிவெடுப்பது குழந்தைகள் நலக்குழு. தலைவர் ஒருவரையும் உறுப்பினர் நால்வரையும் கொண்ட இக்குழுவில் குறைந்தது ஒருவரேனும் பெண்ணாக இருத்தல் வேண்டும்.

2005ஆம் ஆண்டுச் சட்டம் தாயின் வழியாகக் குழந்தையைக் காக்கிறது. பாதிக்கப்பட்ட பெண் நடுவர் நீதிமன்றத்தில் விண்ணப்பிக்கலாம். வன்முறையைத் தடைசெய்யும் ஆணை, வீட்டிலேயே வசிக்கும் உரிமைக்கான ஆணை, தாய்க்கும் பிள்ளைக்கும் பணஉதவி, குழந்தையின் தற்காலிகப் பொறுப்பைத் தாயிடம் ஒப்படைக்கும் ஆணை ஆகியவற்றை நடுவர் பிறப்பிக்கலாம். விண்ணப்பம் கிடைத்த நாளிலிருந்து மூன்று நாள்களுக்குள் முதல் விசாரணை தொடங்கவும், அம்முதல் விசாரணை நாளிலிருந்து அறுபது நாள்களுக்குள் முடிவு காணவும் முயலவேண்டும் என்று சட்டம் வலியுறுத்துகிறது. வன்முறை நிகழ்வதாக நம்பும் எவரும் பாதுகாப்பு அலுவலருக்குத் தகவல் தரலாம். நல்லெண்ணத்தோடு தகவல் தந்தவர் அதற்காகச் சட்டப்படி பொறுப்பாக்கப்படமாட்டார்.

'ஏன் அவள் வெளியேறவில்லை?' என்று தாயைக் குறைகூறுவது எளிது. பிரிந்து செல்லும் காலமே ஆபத்து மிகுந்த காலமாகவும் அமைவதுண்டு. ஆகவே, தாய்க்குத் துணைநிற்றல் குழந்தைக்குத் துணைநிற்பதன் தலையாய வழியாகும். தாயின் அச்சம் தணிந்த வீட்டில் குழந்தையின் உறக்கமும் திரும்புகிறது.

தெரிந்து தெளிவோம்

உதவிக்கு அழைக்கவேண்டிய எண்கள்
1098 – குழந்தைகள் உதவி எண்
181 – மகளிர் உதவி எண்
112 – அவசர உதவி எண்
14417 – தமிழ்நாடு பள்ளிக் கல்வித்துறையின் உதவி எண்
14416 – மனநல ஆலோசனைக்கான 'டெலி மானஸ்'

மீட்சி

வன்முறை நிலவிய வீட்டில் வளர்ந்தவர் வன்முறையாளராகவே ஆவார் என்பது விதியன்று. ஹவாய்த் தீவுக்கூட்டத்தின் கவாய் தீவில் 1955இல் பிறந்த 698 குழந்தைகளை எம்மி வெர்னர், ரூத் ஸ்மித் ஆகிய ஆய்வாளர்கள் பல்லாண்டுகள் தொடர்ந்து கண்காணித்தனர். வறுமை, குடும்பப் பூசல், பெற்றோரின் குடிப்பழக்கம் அல்லது மனநோய் போன்ற பல இடர்களுக்கு நடுவே வளர்ந்தவர்களுள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர், தன்னம்பிக்கையும் திறனும் பிறர்மீது அக்கறையும் உடையவர்களாக வளர்ந்திருந்தனர். அவர்களைத் தாங்கியவற்றுள் முதன்மையானது, அன்பு மாறாத ஒருவரேனும் அருகில் இருந்தமை. அவர் பெற்றோருள் ஒருவராகவோ, பாட்டியாகவோ, உடன்பிறந்தவராகவோ இருந்தார். வீட்டுக்கு வெளியே ஓர் ஆசிரியரும் அவ்வாறு அமைந்ததுண்டு. ஏனைய பலரின் வாழ்வும் இளமையிலேயே முடிந்துவிடவில்லை. இளமையில் தடுமாறியவர்களுள் பலர் பின்னாளில் கல்வி, நல்ல துணை, நிலையான தொழில் ஆகியவற்றால் மீண்டெழுந்தனர்.

இளமையில் ஏற்படும் பாதிப்பைத் தொடக்கத்திலேயே கண்டறிவது எளிது. விட்டுவிட்டுப் பின்னர் வருந்துவது தும்பை விட்டு வாலைப் பிடிப்பதாகும். ஆயினும், காலம் கடந்துவிட்டது என்று கைவிடத்தக்க குழந்தை எதுவும் இல்லை.

மேசைமேல் தலைகவிழ்ந்து உறங்கிய அந்த மாணவனிடம் இடைவேளையில் ஒருவர் சென்று அமர்கிறார் என்று கொள்வோம். அவர் எதையும் துருவிக் கேட்கவில்லை. 'சாப்பிட்டாயா?' என்று மட்டும் கேட்கிறார். தம் உணவில் பாதியைப் பகிர்கிறார். அவன் அன்றே பேசாமல் போகலாம். என்றேனும் ஒருநாள் பேசத் துணியும்போது யாரிடம் செல்வது என்பது அவனுக்குத் தெரிந்திருக்கும். பொத்திய காதுகளோடு விழித்திருக்கும் குழந்தைக்கு, தன்னைக் கேட்கும் ஒரு செவி கிடைப்பதே மீட்சியின் தொடக்கம்.

கற்பவை கற்றபின்…

(இச்செயல்பாடுகள் எவருடைய வீட்டு நிகழ்வுகளையும் வகுப்பில் கூறவேண்டி அமைந்தவை அல்ல. தனியே பேச விரும்புவோர் நம்பிக்கைக்குரிய ஆசிரியரை அணுகலாம்.)

1. துயருற்ற நண்பரிடம் சொல்லத்தக்க ஐந்து தொடர்களையும், சொல்லத்தகாத ஐந்து தொடர்களையும் எழுதி, அவற்றுக்கான காரணங்களைக் குழுவில் கலந்துரையாடுக.
2. குழந்தைகளுக்கான உதவி எண்களைக் கொண்ட சுவரொட்டி ஒன்றை உருவாக்கிப் பள்ளி அறிவிப்புப் பலகையில் ஒட்டுக.
3. வன்முறையை இயல்பாக்கும் பழமொழிகள், திரைப்பட நகைச்சுவைகள் ஆகியவற்றைத் தொகுத்து, அவை குழந்தைகள் மனத்தில் விதைக்கும் கருத்துகளை ஆராய்க.

மதிப்பீடு

பலவுள் தெரிக
1. குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் நடைமுறைக்கு வந்த ஆண்டு
அ) 1989 ஆ) 1992 இ) 2006 ஈ) 2015
2. 'தீர்ப்பு அன்று, அழைப்பு' என்று பாடத்தில் குறிக்கப்படுவது
அ) சட்டம் ஆ) அடையாளம் இ) பழமொழி ஈ) மௌனம்

குறுவினா
1. கருத்து வேறுபாட்டுக்கும் வன்முறைக்கும் உள்ள வேறுபாடு யாது?
2. 'யாரிடமும் சொல்லமாட்டேன்' என்று உறுதியளித்தல் ஏன் கூடாது?
3. குழந்தைகள் நலக்குழு – குறிப்பு எழுதுக.

சிறுவினா
1. 'நல்ல பிள்ளை'யின் பொறுப்புணர்வுக்குப் பின்னுள்ள அச்சத்தை விளக்குக.
2. ஆபத்து வீட்டுக்குள்ளேயே இருக்கும்போது குழந்தையின் உடல் அடையும் நிலையை எழுதுக.
3. கவாய் தீவின் ஆய்வு உணர்த்தும் நம்பிக்கையை எடுத்துரைக்க.

நெடுவினா
1. 'கணவன் மனைவி சண்டையில் மூன்றாமவர் தலையிடக்கூடாது' என்னும் வழக்கைக் குழந்தையின் நிலையிலிருந்து மறுத்துக் கட்டுரை எழுதுக.